சீட்டைக் கவிழ்க்காத ஆம்பளைகள்

எங்கள் மனமகிழ் மன்றத்தின் ரம்மிப் போட்டிக்கு நான் பெயர் கொடுத்தபோது செயலாளர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். பெண்களுக்குத்தான் கேரம் இருக்கிறதே, வளையப்பந்து இருக்கிறதே, அதில் சேர்ந்துகொள்ளம்மா என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. மன்றத்துச் சந்தாவை என் சம்பளத்திலும்தான் மாதம் தவறாமல் பிடித்தார்கள். விதியில் உறுப்பினர் என்றுதான் போட்டிருக்கிறது, மீசை வைத்த உறுப்பினர் என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முதல் சுற்றிலேயே தோற்று ஓடிவிடுவேன் என்ற நம்பிக்கையில் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

அப்போது தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. நான் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் டைப்பிஸ்ட். துறைமுகத்தைச் சுற்றியிருந்த பல கம்பெனிக்காரர்களுக்கும் பொதுவான மன்றம் அது. மன்றத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கும். வருடா வருடம் ரம்மியில் ஜெயித்தவர் பெயரை அதன் அடியில் வெட்டுவார்கள். எல்லாம் ஆண்கள் பெயர். அந்த வரிசையில் என் பெயர் விழ வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கேரம் போர்டுக்கு எவன் பெயர் வெட்டுகிறான்?

வீட்டில் அம்மா, "ஏளா, பொம்பளப்பிள்ள சீட்டாடப் போறான்னு ஊரே சிரிக்கும்" என்றாள். சொன்னவள் கையிலேயே பதின்மூன்று சீட்டு விசிறியாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்தவர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணி கரையில் கிடக்கும். ஜெபமாலை முடிந்த கையோடு சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். அதில் ஆண் என்ன, பெண் என்ன? கள்ளாட்டம் ஆடினால் அப்பா கையிலும் அம்மா ஒரு போடு போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானம் மன்றத்துக்குப் போனேன். மேசைக்கு ஆறு பேர். இருநூற்றியொரு புள்ளி சேர்ந்தவன் வெளியே போக வேண்டும், கடைசிவரை தங்குகிறவன் ஜெயித்தவன். கை மோசமாக வந்தால் முதலிலேயே சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொள்ளலாம். அதற்கு ஸ்கூட் என்று பெயர். இருபத்தைந்து புள்ளியோடு போயிற்று. விலகாமல் வீம்புக்கு ஆடி மாட்டினால் எண்பது வரை ஏறும். ரம்மியில் பாதி சாமர்த்தியம், எப்போது ஆடக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதுதான்.

எனக்கு அடுத்து ஒரு பேங்க் கிளார்க் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் அவர் சீட்டைப் பார்த்து முகம் சுளித்துக் கவிழ்க்கப் போனார். எதிரே இருந்தவர், "என்ன வே, பொம்பளைக்குப் பயந்து கவுக்கீரு?" என்றார். அவ்வளவுதான். கிளார்க் காது சிவந்து, சீட்டை மறுபடி விரித்தார். எண்பது வாங்கினார்.

அட, இதுதானா சங்கதி என்று நினைத்தேன். அன்று முழுக்க நோட்டம் விட்டேன். ஒருவராவது ஸ்கூட் விட வேண்டுமே! நான் ஒருத்தி மேசையில் இருக்கும்வரை எவருக்கும் சீட்டைக் கவிழ்க்க மனசு வரவில்லை. நான் போட்ட சீட்டு தனக்குத் தேவை என்றாலும் எடுக்கமாட்டார்கள், கட்டிலிருந்துதான் உருவுவார்கள். பொம்பளை போட்டதைப் பொறுக்கினான் என்ற பேச்சு வரக்கூடாதாம். வறட்டுக் கௌரவத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. நான் கவிழ்த்தால், பாத்தியளா, பயந்துட்டா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கை மோசமென்றால் தயங்காமல் கவிழ்த்தேன். கை நன்றாக வந்தால் மட்டும் நகத்தைக் கடித்தேன், சீட்டை நாலு தரம் மாற்றி மாற்றி அடுக்கினேன், எதைப் போடுவது என்று தெரியாதவள் போல முழித்தேன். பாவம், திணறுகிறாள் என்று அவர்கள் நிதானமாக ஆடும்போது முடித்துக் காட்டினேன். கஸ்டம்ஸ் ஏஜெண்ட் ஒருவர் ஜோக்கர் கிடைத்த மறு நிமிஷம் டீ கேட்பார். அவர் டீ கேட்டாலே நான் ஸ்கூட். அவருக்குக் கடைசிவரை அது தெரியவில்லை.

இப்படியே ஞாயிறுக்கு ஞாயிறு ஜெயித்து இறுதி மேசைக்கு வந்துவிட்டேன். அன்று மன்றத்தில் நிற்க இடமில்லை. என் ஆட்டத்தைப் பார்க்க யாரும் வரவில்லை, நான் தோற்பதைப் பார்க்க வந்திருந்தார்கள். ஐந்து ஆண்களில் நாலு பேர் வழக்கம்போல வீம்புக்கு ஆடி வெளியே போனார்கள். மிஞ்சியவர் ஒரு லாஞ்ச் டிரைவர். கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர், நாற்பது வயது இருக்கும், பேச்சே கிடையாது.

அவர் சீட்டைப் பார்த்தார். கவிழ்த்தார். அடுத்த ஆட்டமும் கவிழ்த்தார். கூட்டத்தில் ஊளையிட்டார்கள். சேலை எடுத்துத் தரவா என்றுகூட ஒருவன் கேட்டான். அவர் திரும்பிப் பார்த்து, "கை சரியில்ல. என்ன செய்யச் சொல்லுத?" என்று மட்டும் சொன்னார்.

அத்தனை நாள் ஆடியதில் அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன். மற்றவர்கள் ஒரு பொம்பளையோடு ஆடினார்கள், இந்த மனிதர் சீட்டாடுகிறார். நகம் கடிப்பதெல்லாம் இவரிடம் செல்லாது. நான் போட்ட சீட்டு வேண்டுமென்றால் கூசாமல் எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது.

இரண்டு பேரும் மாறி மாறிக் கவிழ்த்தோம். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சலித்து, பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். இருவருக்கும் நூற்றெண்பதுக்கு மேல் ஏறிவிட்டது. இனிக் கவிழ்த்தாலே வெளியே என்ற நிலையில் கடைசி ஆட்டம். அவர் டைமன் போட்டார், ஆட்டின் போட்டார், கிளாவர் போட்டார். இஸ்பேட் ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை. என்னிடம் இஸ்பேட் ஒன்பது இருந்தது. எனக்கு அதனால் காசுக்குப் பிரயோஜனமில்லை. ஆனாலும் விடவில்லை, நெருப்பை மடியில் கட்டிக்கொண்டவள் மாதிரி வைத்திருந்தேன். மற்றதெல்லாம் சேர்ந்த பிறகு அந்த ஒன்பதையே கடைசிச் சீட்டாகக் குப்புற வைத்து ஆட்டத்தை முடித்தேன்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். தன் கையை விரித்தார். இஸ்பேட் ஏழு, எட்டு, பத்து. "அது ஒங்ககிட்டயா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் ஆண்டுவிழா. சாமியானா, மைக் செட், தலைமை விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி. மேசையில் வெள்ளிக் கோப்பை பளபளவென்று இருந்தது. பெண்கள் கேரம், வளையப்பந்து, எலுமிச்சம்பழ ஓட்டம் என்று செயலாளர் வாசித்துக்கொண்டே வந்தார். பிறகு, ரம்மி, மகளிர் பிரிவு, முதல் பரிசு என்று சொல்லி என் பெயரை வாசித்தார்.

மேடைக்குப் போனேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸை நீட்டினார்கள். கை நீட்டாமல் நின்றேன். செயலாளர் என் காதருகே குனிந்து, ஆளுக்கொரு பரிசு வருகிறதே, கோப்பை லாஞ்ச் டிரைவருக்குப் போகட்டும், வாங்கிட்டுப் போம்மா என்று கெஞ்சினார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். கோப்பையில் ஒரு பெண் பெயரை வெட்ட அவர்களுக்குக் கை வரவில்லை. குனிந்து மைக்கிலேயே கேட்டேன்.

"மகளிர் பிரிவுல எனக்கு எதுக்க ஆடுன பொம்பள யாரு, அண்ணாச்சி?"

செயலாளர் தாளைப் பார்த்தார், தலைமை விருந்தினரைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. லாஞ்ச் டிரைவர் எழுந்து நின்று கையைத் தூக்கினார்.

"அந்தப் பொம்பள நான்தான், அண்ணாச்சி. தோத்ததும் நான்தான்."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. இந்தத் தடவை என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை இறக்கவேயில்லை. டிபன் பாக்ஸை மேசையில் தள்ளி வைத்துவிட்டு நானே கோப்பையை எடுத்துக்கொண்டேன். எவராவது எடுத்துத் தரட்டும் என்று நான் நிற்கவில்லை.