அழுக்குப் படாத பெல்ட்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு சீட் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றேன். நானாவது, பேச்சு வராமல் நிற்பதாவது!

முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் பழைய கார் ஒன்று வாங்கிய கதை இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். அறுபத்தியேழாம் வருட மாடல். என்னைவிடப் பத்து வயது மூத்தது. க்ரோம் பம்பர், வட்ட ஹெட்லைட், ஒல்லியான பெரிய ஸ்டீயரிங்... தேரா சிக்னலில் நின்றால் டாக்சிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, "கௌன்சா மாடல், பாய்?" என்று கேட்கிறார்கள். எல்லாம் சரி. அதில் சீட் பெல்ட் என்ற சமாச்சாரமே கிடையாது.

என் மனைவி சுதா ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். "உங்க ஆசைக்கு நீங்க ஓட்டுங்க. பெல்ட் இல்லாத வண்டியில நானும் ஏற மாட்டேன், பாப்பாவும் ஏற மாட்டா."

பாப்பா என்பது எங்கள் நான்கு வயது மகள் நிலா. வெள்ளிக்கிழமை 'டாடியோட ஓல்ட் கார்'ல கோர்ஃபக்கான் பீச்சுக்குப் போவதாக கே.ஜி. வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இருந்தது மூன்று நாள்.

எனக்குச் சொல்லவா வேண்டும்? இன்டர்நெட் ஃபோரங்களிலிருந்து இருபது பக்கம் ஆபீஸ் பிரின்டரில் எடுத்தேன். போல்ட் என்ன சைஸ், காரின் தரைக்கு அடியில் எவ்வளவு கனத்தில் தகடு — எல்லாம் அத்துப்படி. பாப்பாவின் பின்சீட்டுக்கு மட்டும் கடையில் புது பெல்ட் வாங்கினேன். முன்சீட்டுப் பெரியவர்களுக்கு? நேராக யார்டு. விபத்தில் அடிபட்ட கார்களைப் பிரித்து விற்கும் இடம். கதவா, கண்ணாடியா, கியர்பாக்ஸா — எது போனாலும் இங்கே நமக்கெல்லாம் முதலில் யார்டுதானே?

அங்கிருந்த பட்டான் பாய் ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். மூக்கு நொறுங்கிக் கிடந்தது. டிரைவர் பக்கம் முன்கண்ணாடி வெளியே பிதுங்கி, வலைபோல வெடித்திருந்தது. அதையெல்லாம் நான் எங்கே கவனித்தேன்? என் கண் பெல்ட்டில். "ஏக் தம் நயா!" என்றார் பாய். உண்மைதான், புத்தம் புதுசு. டிரைவர் பக்கத்து பெல்ட்டில் ஒரு கீறல் இல்லை. பக்கத்து சீட்டு பெல்ட்தான் கொஞ்சம் நைந்த மாதிரி இருந்தது. நல்லதை சுதாவுக்கு மாட்டிவிடலாம், மற்றது எனக்குப் போதும் என்று அங்கேயே பங்கு பிரித்துவிட்டேன். எவ்வளவு பெரிய மனசு!

புதன்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு செல்வத்திடம் போனேன். செல்வம் பட்டுக்கோட்டைக்காரர், என் வயதுதான், கராஜில் வெல்டர். காருக்கு அடியில் படுத்து, பெல்ட் பூட்ட வேண்டிய இடங்களிலெல்லாம் கனத் தகடு வைத்து முடித்திருந்தார்.

"இதுல கொக்கி போட்டு கிரேன்ல வண்டியத் தூக்குனாலும் பிச்சுக்காது சார்," என்றார். "எங்க லேபர் கேம்ப் பஸ்ல பெல்ட்டும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. முன்சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டே தூங்கிருவோம்."

நைந்த பெல்ட்டை முதலில் எடுத்தார். முழுக்க இழுத்து, கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது வேணாம் சார்."

"ஏன்? கொஞ்சம் தேஞ்சிருக்கு, அவ்வளவுதானே?"

"தேயல. இழுத்திருக்கு. தொட்டுப் பாருங்க, நாடா அலையலையா இருக்கா? இந்த எடம் ஒரசி, உருகி, பளபளன்னு இருக்கா? இது ஒரு ஆளைப் புடிச்ச பெல்ட்டு. ஒரு தடவ புடிச்சா அதோட கலாஸ். நூல்ல அப்புறம் தெம்பு இருக்காது."

என்னுடைய இருபது பக்கத்தில் இந்த விஷயம் இருந்ததா? இருந்தது. பதினாலாம் பக்கம். நான் போல்ட் சைஸைத் தாண்டிப் படிக்கவே இல்லை.

விடுவேனா? அடுத்ததை நீட்டினேன். "சரி, இதைப் பாருங்க! ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

செல்வம் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வண்டியா சார்?"

"ஆமா."

"இது எந்தப் பக்கம்?"

"டிரைவர் பக்கம்."

"முன்கண்ணாடி எப்படி இருந்துச்சு?"

சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கண்ணாடி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

செல்வம் நாடாவைச் சுருட்டி, மெதுவாக என் கையில் வைத்தார். "பெல்ட்டு நல்ல பெல்ட்டுதான் சார். இதுக்கு ஒண்ணும் ஆவல. நீங்க சொன்னா மாட்டிர்றேன்..."

ஒரே காரில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர். ஒரு பெல்ட் தன் தெம்பையெல்லாம் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு நைந்துபோனது. கண்ணாடியில் மோதியவருக்குப் பக்கத்தில் இன்னொன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் கணவன் மனைவியா, நண்பர்களா, பிழைத்தார்களா — எனக்குத் தெரியாது. யார்டுக்குத் திரும்பப் போய் விசாரிக்கும் தைரியமும் இல்லை.

"புதுசே வாங்கிட்டு வரேன் செல்வம்."

"யல்லா சார், ஆகட்டும். நாளைக்கு மதியத்துக்குள்ள கொண்டாந்தா சாயங்காலம் முடிச்சிரலாம்."

வெளியே வந்து ஆபீஸ் காரில் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பெல்ட் போடுவதில்லை. இஸ்திரி போட்ட சட்டை, இந்த ஊர் வியர்வை, மீட்டிங்... நெஞ்சுக்குக் குறுக்கே கசங்கல் கோடு விழுந்தால் நன்றாகவா இருக்கும்? தூரத்தில் போலீஸ் கார் தெரிந்தால் மட்டும் நாடாவைத் தோளில் இழுத்து, கையால் பிடித்துக்கொள்வேன். கார் கடந்ததும் விட்டுவிடுவேன். நம்மில் எத்தனை பேருக்கு இந்த வித்தை தெரியும் என்று எனக்கும் தெரியும்.

இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வருடமாக நான் தினமும் ஓட்டும் கார். என் பெல்ட்டில் ஒரு கீறல் இல்லை. அழுக்கில்லை. ஏக் தம் நயா.

மடியில் ஒன்று, தோளருகே ஒன்று. இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தோளருகே இருந்ததை இழுத்து மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை கோர்ஃபக்கான் போனோம். சுதா தன் புது பெல்ட்டை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். அப்புறம், பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"என்ன அதிசயம்? கண்ணுக்கெட்டின தூரம் ஒரு போலீஸையும் காணோமே!"

நான் சாவியைத் திருப்பினேன்.

நேற்று லாண்டரிக்காரர் துணிகளை எண்ணிக்கொண்டே அலுத்துக்கொண்டார். "எந்தா சாரே, எல்லா ஷர்ட்லயும் குறுக்கே ஒரு கோடு? அயர்ன் பண்ணினா போகமாட்டேங்குதே?"

போக வேண்டாம். கசங்கட்டும்.