மடியில் வந்த பெட்டி

வன்கூவரிலிருந்து ரொறன்ரோவுக்குப் பறந்தபோது, பக்கத்து இருக்கைக்காரர் பெட்டிக்குள் குழந்தை கடத்துகிறார் என்றே நம்பினேன். நரைத்த மீசை, கையெல்லாம் கீறல். மடியிலிருந்த பெட்டிக்குள் ஏதோ சுரண்டும்போதெல்லாம் காதை வைத்து, “கொஞ்சம் பொறு ராசா, வந்திட்டம்” என்பார். என் அகதி வழக்கோ இன்னும் முடியவில்லை. கூட்டாளியென்று என்னையும் பிடித்தால்?

“அண்ணை, உள்ளுக்கை ஆர்?”

“நண்டு, தம்பி. கடலிலை கூடு போட்டு நானே பிடிச்சனான். ஒப்பரேசனுக்குப் பிறகு மனிசி ஒண்டும் வாயிலை வைக்கிறாளில்லை. நண்டுக்குழம்பெண்டா சாப்பிடுவாளாம். செத்த நண்டெண்டா தொடமாட்டாள்.”

பிறகு நானும் காதை வைத்தேன். விமானம் இறங்கும் நேரம் சுரண்டல் நின்றுவிட்டது.

ரொறன்ரோவில் சக்கர நாற்காலியில் காத்திருந்த மனைவியின் மடியில் பெட்டியை வைத்துத் திறந்தார்.

நண்டு உயிரோடு இருந்தது.