ஜெபசீலனுக்குக் கிடைக்காத ரிலீஸ்

ஜெபசீலனை வளைகுடாவிலிருந்த எங்கள் கட்டடக் கம்பெனி வேலைக்கு எடுத்தது கம்பி கட்டத் தெரியும் என்பதற்காக அல்ல. கன்னியாகுமரிக் கடற்கரையில் மாதா திருவிழாக் கோப்பைக்கு அவன் கால்பந்து ஆடியதை எங்கள் டீம் கேப்டன் ஆல்டோ பார்த்திருந்தான். இருவரும் ஒரே ஊர். விசாவில் ஹெல்பர் என்று போட்டிருந்தது. உண்மையில் இடது விங். வெள்ளிக்கிழமைகளில் முவைலா மணல் மைதானத்தில் ஆட வேண்டும், மற்ற நாட்களில் சைட்டில் பாதி டியூட்டி. முழு டியூட்டி பார்த்த எங்களுக்கு வயிறு எரிந்தது. ஆட்டத்தைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டோம்.

அவன் மனைவி தேவகனி அபுதாபியில் நர்ஸ், ஹாஸ்டலில் இருந்தாள். ஒரே நாட்டில் இருந்தும் ஆளுக்கொரு கூரை. மாதம் ஒரு தடவை பஸ் பிடித்துப் போய், கடற்கரையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்புவான். இதற்கா கல்யாணம் செய்தாய் என்று நாங்கள் கேலி செய்வோம். சிரிப்பான், ஆனால் அன்று எங்களோடு சாப்பிட உட்கார மாட்டான்.

2005இல் அபுதாபி கம்பெனி ஒன்று தன் டீமுக்கு அவனைக் கேட்டது. சம்பளத்தை அவன் விசாரிக்கவேயில்லை. ஃபேமிலி ரூம் தருகிறோம் என்றார்கள், அது போதும். ஆனால் எங்கள் கம்பெனி ரிலீஸ் கொடுத்தால்தான் போக முடியும். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடியவர்களுக்கும் இதே கதிதானாம். பழைய கிளப் விட்டால்தான் புது கிளப். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த விளையாட்டு, கூடவே கயிற்றையும் கண்டுபிடித்திருக்கிறான்.

இங்கேதான் ஜெபசீலன் தப்புச் செய்தான். அவன் ஊர்க் கரையில் ஒரு மீன்பிடி வள்ளத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவன், முதலில் பழைய வள்ளத்துத் தலைவனிடம் சொல்லி, அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அதன்படி மீன்குழம்பு வைத்து, ஆல்டோவை எங்கள் ரூமுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். எந்தக் கம்பெனி, யாரைப் பார்க்க வேண்டும், எதையும் ஒளிக்கவில்லை.

"சந்தோசம் மக்கா," என்றான் ஆல்டோ. "தேவகனி பாவம், எத்தன நாளா காத்துக் கெடக்கா. ஆபீஸ்ல நான் பேசுகேன்."

இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பேசவும் செய்தான். என்ன பேசினான் என்பதை எங்கள் விசா வேலைகளைப் பார்க்கும் கௌஸ் முகைதீன் வந்து போட்டு உடைத்தார்.

"ஒங்க கேப்டன் ரிலீஸ் வாங்கிட்டாரு தம்பி. ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் விடுவேன்னு மேனேஜர் சொன்னாரு. அப்ப என்னய விடுங்க, அவன வச்சிக்கிட்டா டீம் நிக்கும்னுட்டாரு. அதே அபுதாபி கம்பெனிதான்."

ஜெபசீலன் நம்பாமல் போன் போட்டான். "எனக்கும் பொண்டாட்டி உண்டும்லே," என்றான் ஆல்டோ. "ஒனக்கு வயசு கெடக்கு. அடுத்த வருசம் ஒன்னையும் இழுத்துக்கிடுகேன்."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஜெபசீலன் வையக்கூட இல்லை. முழு டியூட்டி கேட்டு வாங்கிக் கம்பி கட்டினான். மேனேஜர் கத்தினார், கெஞ்சினார். அதன் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. அவனை வைத்து நிற்கும் என்ற டீம் அந்த வருஷமே கலைந்தது.

ஆல்டோ ஊரிலிருந்து மனைவி ரினியை வரவழைத்து, ஜெபசீலனுக்குத் தருவதாகச் சொன்ன அந்த அபுதாபி ஃபேமிலி ரூமில் குடிவைத்தான். கர்ப்பமாக இருந்தவளுக்கு ஒருநாள் ரத்தம் பட்டுவிட்டது. அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே நர்ஸ் தேவகனி. கூப்பிட்டாள், தேவகனியும் போனாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு ஜெபசீலனுக்கு போன் செய்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த எனக்கும் கேட்டது.

"ரினிக்கு ஒண்ணுமில்ல. பிள்ளையும் நல்லா இருக்கு."

"அங்க நீ எதுக்குப் போன?"

"அவ என்ன செஞ்சா, பாவம்." என்றாள் தேவகனி. பிறகு, "ரூம்பு சின்னதுதான். நமக்குப் போதும்," என்றாள்.

ஆல்டோ ஏமாற்றியபோது அழாதவன் அப்போது அழுதான்.