செத்த வீட்டுக்கு நெற் குடுக்கப் போன நாள்

வீட்டுக் கொம்பியூட்டருக்கு இன்ரநெற் வரல்லையெண்டா எல்லாரும் கூப்பிடுற ஆள் நான். நெற் வந்தாப் பிறகு என்னை ஒருத்தருக்கும் தெரியாது. இந்தத் தொழில்ல சீரழியிற என்ட சகோதரங்களுக்குச் சொல்றன், போன மாரியில ஒரே நாளில நடந்த கதை இது.

அலுமாரிக்குள்ள நெற்

காலையில பெரியகல்லாற்றில ஒரு பென்சன்காரர் வீடு. நெற் அறவே இல்லையாம். போய்ப் பார்த்தா ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டியிருக்கார். பேரப்பிள்ளைகள் கை வைக்கக் கூடாதாம். இரும்புக்குள்ள அடைச்சா சிக்னல் எப்படி ஐயா வெளிய வரும்? அலுமாரித் திறப்பு அவர்ட மனிசிக்கிட்ட, மனிசி கோயில்ல.

அந்த நேரம் பார்த்து கட்டாரில இருந்து சுதன்ட கோள். ஆரையம்பதிப் பெடியன், அவங்கட வீட்டு லைன் நான் இழுத்தது. அழுறான். "அண்ணே, அப்பா மோசம் போயிட்டார். எனக்கு லீவு தரல்ல. பின்னேரம் பிரேதத்த எடுக்கிறாங்க. வீட்டுக் கொம்பியூட்டர்ல முகத்தக் காட்டுறதெண்டு இருந்தாங்க, நெற் இல்லையாம். ஒருக்காப் போய்ப் பாருங்கண்ணே." போன்ல காட்டலாமே எண்டு கேப்பீங்க. முதல்நாள் மழையோட அந்தப் பக்கத்து டவர்ல கோள் மட்டும்தான், நெற் இல்ல.

விசயத்தைச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டன். பென்சன்காரர் ஒபிசுக்குக் கோள் எடுத்து முறையிடுவன் எண்டார். எனக்கும் இந்த வேலைதானே சோறு? நிண்டன். அவர் கதிரையில சாஞ்சுகொண்டு சொன்னார்: "செத்தவர் எங்கயும் ஓடமாட்டார் தம்பி, முதல் என்ட வேலைய முடி."

பேருக்குரியவர்

திறப்பு வந்து வேலை முடிய மத்தியானம் ஆகிட்டு. எங்கட ஒபிசில முறைப்பாட்டு இலக்கம் இல்லாம ஒரு வயரையும் தொடக் கூடாது. பைக்கை களுவாஞ்சிகுடியில ஓரங்கட்டி, மழைத் தூத்தலுக்குள்ள நிண்டு கோள் எடுத்தன். லைன் யார்ட பேர்ல இருக்கோ அவர்தான் கதைக்கணும் எண்டாள் ஒரு பிள்ளை.

"அவர்தான் தங்கச்சி செத்துப்போனவர்" எண்டன். ஆரிட்டயோ கேட்டுப்போட்டு வந்து, பாடமாக்கின மாதிரிச் சொன்னாள்: "அப்ப மரணச் சான்றிதழக் குடுத்து, பேர மாத்திப்போட்டுக் கோள் எடுக்கச் சொல்லுங்க."

ரீவிக்குப் போட்ட துணி

இலக்கமும் மண்ணாங்கட்டியும்! வாயில வந்ததெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ளயே திட்டிக்கொண்டு ஆரையம்பதிக்கு விட்டன். பறை அடிச்சுக்கொண்டிருந்தது. விறாந்தையில, பிரேதம் கிடத்தியிருந்த மர வாங்குக்கு நேர கொம்பியூட்டரை வைச்சிருந்தாங்க. சுதன்ட தாய்மாமன்தான் எல்லாத்துக்கும் பொறுப்பு. ரவுட்டர் போட்டிருக்கா எண்டு கேட்டன். "ஓம் மனே, அத ஒருத்தரும் தொடல்ல" எண்டார். நம்பி ரோட்டு லைன் தூணில ஏறினன். லைன்ல ஒரு பிழையுமில்ல.

இறங்கி அறைக்குள்ள போனா ரீவிக்குத் துணி போட்டு மூடிக் கிடக்கு. செத்த வீட்டில ரீவி போடக் கூடாதெண்டு மாமாதான் சுவரில சுவிச்சையும் நிப்பாட்டியிருக்கார். அதே சுவிச்சிலதான் ரவுட்டரும். நான் கை வைக்க ஓடிவந்து மறிச்சார்: "டேய், பிரேதம் கிடக்க ரீவி போடப்போறியா?" விளங்கப்படுத்தி, அவர் கையை எடுத்து, நான் சுவிச்சைத் தட்டி, ரவுட்டர் உசும்பி எழும்புறதுக்குள்ள பறையோட பிரேதமும் படலைக்கு வெளிய போயிட்டு. எனக்கு அந்த ரவுட்டரைத் தூக்கி முற்றத்தில அடிக்கணும் போல இருந்தது.

கொம்பியூட்டர்ல சுதன்ட முகம் வந்தது. வேலைச் சட்டையோட, குளிச்சுத் தலை இழுத்து வாரி, ஆயத்தமா இருந்தான். இஞ்ச வெறும் வாங்கு. பொம்பிளைகள் வாளி வாளியாத் தண்ணி ஊத்தி விறாந்தையக் கழுவுறாங்க. அவன்ட அம்மா வந்து கொம்பியூட்டருக்கு முன்னால நிலத்தில இருந்தா. அவன் அந்த வாங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, இப்ப நல்லாக் கிளியராத் தெரியுது."

எங்கட தொழில்ல ரவுட்டர் லைட் பச்சையா எரிஞ்சாப் போதும், அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு என்ன தெரியுது எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.