பாணி ஊற்றிய கோப்பி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் எங்கும் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வந்தவரை வீடு நடத்துகிற விதம் இருக்கிறதே, பெரிய உத்தியோகத்தர் ஒருவர் பார்வையிட வந்துவிட்டுத் திரும்பிப் போக மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். மீனில் நடுத்துண்டு அவருக்கு. கை வைத்த கதிரை அவருக்கு. அவர் தும்மினால் வீட்டிலிருக்கிற எல்லோருக்கும் கொத்தமல்லி அவிக்கப்படும்.

இத்தனை மரியாதையும் செய்கிற மாமி, அந்த மருமகனோடு முகத்துக்கு முகம் நின்று கதைக்கமாட்டார். வெட்கமாம், மரியாதையாம். எங்கள் வீட்டில் குசினி வாசலில் ஒரு பூப்போட்ட சீலை தொங்கியது. அதற்கு இந்தப் பக்கம் என் மாப்பிள்ளை கதிரையில் இருப்பார், அந்தப் பக்கம் என் உம்மா நிற்பார். இருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம். ஆனாலும் கதை முழுக்க என் வழியாகத்தான் போக வேண்டும். "மருமகனுக்கு இன்னும் சோறு வேணுமாண்டு கேளு" என்பார் உம்மா. கேட்கத் தேவையில்லை, அது அவர் காதில் விழுந்தாயிற்று. "காணும் எண்டு செல்லு" என்பார் அவர். அதுவும் உம்மாவின் காதில் விழுந்தாயிற்று. நான் நடுவில் சும்மா தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து நோவெடுத்து நின்றேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைக்குடியில் வீட்டுக்கு ஒருவர் சவூதிக்கோ குவைத்துக்கோ போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டிலிருந்து என் காக்கா, அதாவது அண்ணன், போயிருந்தார். அங்கே ஒரு ஹோட்டலில் வேலை. என்ன வேலை என்று அவர் தெளிவாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் உம்மா "மேல வேல" என்று சொல்லி வைத்தார். ஹோட்டலின் மேல் மாடியில் வேலையோ, மேலதிகாரி வேலையோ, கேட்டவர்கள் தங்கள் வசதிப்படி விளங்கிக்கொண்டார்கள்.

நான் கலியாணம் முடித்துக் கொஞ்ச நாளில் ஊருக்கு வந்த ஒருவரிடம் காக்கா ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தார். அதற்குள் துவாய்க்குள் சுற்றி மூன்று போத்தல் பாணி, இனிப்புப் பாகு. ஒன்றில் ரோசாப்பூப் படம். இன்னொன்று பச்சை நிறம், புதினா இலைப் படம். மூன்றாவதில் ஏதோ மண்ணிறக் கொட்டை. உம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொட்டப்பாக்கு" என்றார். சவூதியில் பாக்கையும் பிழிந்து போத்தலில் அடைத்துவிட்டார்களே என்று ஒரு நாள் முழுக்க ஆச்சரியப்பட்டார். அது ஏதோ சீமைக் கொட்டை என்று பின்னாளில் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் கடைசிவரை அது பாக்குப் பாணிதான்.

பார்சலோடு ஒரு கெசட்டும் வந்தது. அந்த நாளில் காகிதம் எழுதப் பஞ்சிப்பட்டவர்கள் எல்லாம் கெசட்டில் கதைத்து அனுப்புவார்கள். காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்: "உம்மா, இந்தப் பாணி கோப்பிக்கு ஊத்துற. கோப்பைல முதல்ல பாணி ரெண்டு கரண்டி. அதுக்கு மேல கடுங்கோப்பி. அதுக்கு மேல பால நல்லா நுரைக்க ஆத்தி ஊத்தணும். இஞ்ச பெரிய பெரிய ஆக்களெல்லாம் இப்பிடித்தான் குடிக்கிற. மச்சானுக்குக் குடுத்துப் பாருங்க. ஊட்ட விட்டு வெளிய போகமாட்டாரு."

உம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். ஓதப் போன காலத்தில்கூட ஒரு பாடத்தை இவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பாரா தெரியாது.

எங்கள் கோப்பி என்ன கோப்பி என்றும் சொல்ல வேண்டும். கொட்டையைக் கருக வறுத்து, அதோடு கொத்தமல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் போட்டு உரலில் இடித்தது. குடித்தால் மூக்கு வழியாக ஆவி போகும், தடிமன் ஓடும். அதன் தலையில் ரோசாப்பூப் பாணியை ஊற்றினால் என்னவாகும்? கொத்தமல்லிக் கஷாயத்துக்கு அத்தர் பூசியதாகும். காக்காவின் ஹோட்டலில் கோப்பிக்குள் கொத்தமல்லி போடமாட்டார்கள் என்று காக்காவுக்கும் தோன்றவில்லை, உம்மாவுக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் பாக்குப் பாணி. உம்மா இரண்டு மக்கை எடுத்து, பால்மாவைக் கரைத்து, தேத்தண்ணிக் கடைக்காரனைத் தோற்கடிக்கிற உயரத்துக்கு ஆற்றி, நுரையை மேலே நிறுத்தி என் கையில் தந்தார். சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை ஒரு மிடறு குடித்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, "நல்லா இரிக்கு எண்டு மாமிட்டச் செல்லு" என்றார்.

அந்தச் சொல் எங்கள் வீட்டைப் பிடித்த சனி. அன்றிலிருந்து காலையில் ஒன்று, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்று. இரண்டு கரண்டி மூன்றானது. வாப்பாவுக்கு அந்தப் போத்தலின் பக்கத்தில் போகவும் உத்தரவில்லை. அவர் பழையபடி வெறுங்கோப்பியைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அந்த வீட்டில் கொடுத்து வைத்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

நான் ஒரு வாய் கேட்டேன். "மாப்பிளைக்கு வந்த சாமானுக்கு நாக்க நீட்டுறியே, வெக்கமில்லையா?" என்றார் உம்மா. தானும் தொடவில்லை. தொடவும் தேவையில்லை என்பது அவர் எண்ணம். நோன்பு காலத்தில் உப்புப் பார்க்காமல் மணத்தை வைத்தே கஞ்சி காய்ச்சிப் பழகிய மனுசி. தன் மூக்கில் அவருக்கு அசைக்க முடியாத ஈமான். மணம் நன்றாக இருந்தால் ருசியும் நன்றாக இருக்கும். மிச்சத்துக்குத்தான் மருமகன் வாயாலேயே சொல்லிவிட்டாரே.

அவர் எதற்குத்தான் சொல்லவில்லை? கருகிய ரொட்டி நல்லா இரிக்கு. முள்ளோடு வந்த மீன் ஆணம் நல்லா இரிக்கு. நான் ஒரு நாள் வேண்டுமென்றே நிறம் பொருந்தாத சாறியையும் சட்டையையும் உடுத்து முன்னால் போய் நின்றேன். நல்லா இரிக்கு. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவர் எங்கள் வீட்டில் மனம் வைத்து இருக்கிறாரா, மரியாதைக்கு இருக்கிறாரா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டு என்ன பிரயோசனம்? கேட்டாலும் அதே பதில்தானே வரும்.

அப்படியிருக்கும்போதுதான் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, ஒரு நாள் வந்து குசினியில் பலகை போட்டு இருந்து வாயைத் திறந்தார்.

"ராத்தா, உங்கட மருமகன் ஒவ்வொரு நாளும் விடியச் சாய்ந்தமருதுல நிக்கிறாராம். தாயிட ஊட்டுல கோப்பி குடிக்கிறாராம். ஊரே கதைக்கிது."

"பொய் கதைக்காத. அவரு சவளக்கடைக்குப் போறாரு, வயலுக்கு."

"சவளக்கடை மேக்கால கிடக்கு. சாய்ந்தமருது தெக்கால கிடக்கு. அவருட சைக்கிளுக்குத் திசை தெரியாதா?"

உம்மாவின் முகம் செத்துப்போனது. வேறு ஊர்க்காரருக்கு இது விளங்காது. மகன் தாயைப் பார்க்கப் போனால் என்ன குற்றம் என்பார்கள். பார்க்கப் போகலாம். குடிக்கக் கூடாது. பெண் வீட்டில் இருக்கிறவன் காலைக் கோப்பியைத் தாய் வீட்டில் குடிக்கத் தொடங்கினால் ஊர் கணக்கை முடித்துவிடும். முதலில் கோப்பி போகும், பிறகு பகல் சோறு போகும், பிறகு உடுப்புப் பெட்டி போகும். எங்கள் தெருவிலேயே ஒருத்திக்கு அப்படித்தான் போனது. அந்தப் பெட்டி சைக்கிள் கெரியரில் ஏறிப் போனதை நானே கண்டேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? என் மாமியார் வேறு, வந்தவர் போனவரிடமெல்லாம், "பனங்கட்டித் துண்டொண்டக் கடிச்சி என்ட கையால வெறுங்கோப்பி குடிச்சாத்தான் என்ட புள்ளைக்கு உசிரு வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மகனைக் கொடுத்துவிட்டுக் கோப்பியைப் பிடித்து வைத்திருக்கிற மனுசி.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவர் என்ன செய்வார்? பாணியை நிறுத்துவார். என் உம்மா பாணியைக் கூட்டினார். மருமகன் போகிறார் என்றால் இங்கே ருசி காணாது என்றுதானே அர்த்தம். சீமைப் போத்தல்கள் அதற்குள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. சீனியைக் காய்ச்சித் தானே பாணி செய்யத் தொடங்கினார். கறுவாப் பாணி, ஏலக்காய்ப் பாணி, நன்னாரிப் பாணி. வீடு முழுக்க நாட்டு வைத்தியர் கடை மணம். எறும்புகள் எங்கள் வீட்டைத் தேடி ஹஜ்ஜுக்கு வருகிற மாதிரி வந்தன. ஒரு நாள் எலுமிச்சம்பழப் பாணி. அதற்கு மேல் பாலை ஊற்றியதும் கோப்பையில் பால் திரைந்து கட்டி கட்டியாக மிதந்தது. உம்மா அதையும் நுரை என்றே நினைத்தார். நான் தடுக்கத் தடுக்க அனுப்பிவிட்டார். அவர் கரண்டி கேட்டார். கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார். "நல்லா இரிக்கு எண்டு செல்லு" என்றார்.

அடுத்த நாள் விடிய சைக்கிள் தெற்கே போனது. நான் வாசல் படலைக்குள் நின்று பார்த்தேன். உள்ளே வந்து அவருடைய உடுப்புப் பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கிறதா என்றும் பார்த்தேன். அதற்குப் பிறகு தினமும் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர் வயலுக்குப் போகவில்லை. ஜும்மாவுக்கு இன்னும் நேரமிருந்தது, கதிரையில் இருந்தார். சாச்சியும் வந்திருந்தார். உம்மா எல்லாப் போத்தலின் அடியையும் கழுவி ஒன்றாகச் சேர்த்து, அதில் கோப்பி போட்டார். ரோசா, புதினா, பாக்கு, கறுவா, நன்னாரி எல்லாம் ஒரே கோப்பையில். நான் அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். குசினியில் கலக்கிய கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சாச்சி அதை மணந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"ராத்தா, இத நீங்க குடிச்சிப் பாத்தீங்களா?"

"நான் என்னத்துக்குக் குடிக்க? மருமகன் நல்லம் எண்டு செல்றாரே."

"அவரு செல்லட்டும். நீங்க ஒரு வாய் குடிங்க பாப்பம்."

தங்கச்சி சவால் விட்டால் உம்மா விடுவாரா? கிண்ணத்தை எடுத்து மடமடவென்று குடித்தார். குடித்தவர் அப்படியே நின்றார். முகம் ஒரு பக்கம் இழுத்தது. துப்பவும் முடியாது, சீலைக்கு இப்பால் மருமகன் இருக்கிறார். விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு நான் பிறந்த நாளிலிருந்து கண்டிராத ஒரு காரியத்தைச் செய்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சீலையை விலக்கி, நேராக அவர் முன்னால் போய் நின்றார். அவர் பாதிக் கோப்பையோடு பதறி எழுந்தார்.

"மருமகன்," என்றார் உம்மா, "இது மனிசர் குடிக்கிற சாமானா?"

அவர் என்னைப் பார்த்தார். பழக்கத்தில் என் வழியாகவே பதில் அனுப்பப் பார்த்தார். நான் ஒதுங்கிக்கொண்டேன். அவர் உம்மாவின் காலடியைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இரிக்கு மாமி" என்றார்.

உம்மா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கேட்டியா மகள்? இந்தக் கழுநீரையும் நல்லா இரிக்கு எண்டுறாரு. தன்ட ராத்தாவக் கூட்டிக்கிட்டு வந்து உன்னப் பொண் பாத்துட்டுப் போன அண்டைக்கும் இதே சொல்லத்தானே சொல்லியனுப்பினவரு."

நான் அதுவரை எனக்குள் வைத்துப் பொத்திக்கொண்டிருந்த சந்தேகத்தை உம்மா எடுத்து நடு வீட்டில் போட்டுவிட்டார். நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று பார்த்தேன்.

அவர் கோப்பையைக் கதிரைக் கையில் வைத்தார். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, மருமகன்மார் பார்க்கக் கூடாத மாதிரி, உம்மாவை நேருக்கு நேர் பார்த்தார்.

"மாமி, இந்தக் கோப்பி வாயில வைக்க ஏலா. முதல் நாள்லயிருந்தே ஏலா. இவளப் பத்திச் சென்னது மட்டும் மெய்."