உணர்ச்சி இல்லாத காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்: குலசேகரத்திலிருந்து களியக்காவிளைக்கு

மழைக்காலத்தில் பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நடக்கக் காலில் என்ன போடுவது என்று இந்த வலைப்பக்கத்தில் கேட்காத ஆள் பாக்கி இல்லை. தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தோல் பூட்ஸைப் பற்றி முழுசாக ஒரு பதிவு போடுகிறேன் என்று இரண்டு வருடமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோம்பலால் இல்லை. பூட்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் அக்காளின் சுண்டுவிரலைப் பற்றி எழுத வேண்டிவரும். அவளிடமே சொல்லாத ஒன்றை ஊருக்கு எப்படிச் சொல்வது? போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன். அதனால் இப்போது எழுதலாம்.

நான் தக்கலையில் ஒரு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவள். லீவு கிடைத்தால் மலைப்பக்கம் நடப்பவள். அக்கா பெயர் லீலா. குலசேகரத்துக்கு மேலே நாலு கிலோமீட்டரில் அவளுக்கும் அத்தானுக்கும் ஒன்றரை ஏக்கர் ரப்பர் உண்டு. அத்தானுக்கு முதுகெலும்புத் தேய்மானம். மரப்பட்டையில் கத்தியால் கீறிப் பால் எடுக்கும் வேலைக்கு எங்கள் ஊரில் வெட்டு என்று பெயர், அது அக்கா பொறுப்பு. அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர். கணுக்காலுக்குக் கீழே முள் குத்தினாலும் தெரியாது, கனல் பட்டாலும் தெரியாது. இரண்டு வருடம் முன்பு இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். காயம் பட்ட அன்று அவள் போட்டிருந்தது நான் கொடுத்த தோல் பூட்ஸ். "அந்தச் சவம்தான் என் வெரலத் தின்னுச்சு" என்று அதைத் தூக்கி எறிந்தவள், அதன்பிறகு ரப்பர் செருப்போடுதான் வெட்டுக்குப் போனாள்.

புரட்டாசியில் நான் போனபோது அடுக்களையில் நின்று மீன் அரிந்துகொண்டிருந்தாள். காலடியில் தரை சிவந்து கிடந்தது. மீன் ரத்தம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், செருப்பைத் துளைத்து ஒரு மூங்கில் சிராய் குதிகாலில் ஏறியிருக்கிறது, அவள் பாட்டுக்கு நின்று செதில் உரசுகிறாள். காயம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அடுத்த தடவை விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டிவரும், மூடிய பூட்ஸ் இல்லாமல் தோட்டத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். ஒன்றும் நடக்காது.

இனி நான் மறைத்த சங்கதி. அந்தப் பழைய பூட்ஸ் நல்ல பூட்ஸ். ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்துவிட்டது. அன்று நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் அவளுக்கு வேண்டுமே என்று, அவளிடம் கேட்காமல், கொண்டுபோய்ப் புகைப்புரையில் தொங்கவிட்டேன். புகைப்புரை என்பது ரப்பர் ஷீட்டை விறகுப் புகையில் உலர்த்தும் சின்ன அறை. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் கொப்பரை, நனைந்த சாக்கு, அவசரத்துக்குத் துணிகூட அங்கேதான் காயும். பூட்ஸுக்கு மட்டும் என்ன என்று நினைத்துவிட்டேன். காலையில் எடுத்து வாசலில் வைத்தேன். வெளியே பளிச்சென்று காய்ந்திருந்தது. உள்ளே தோல் அப்பளம் மாதிரி விறைத்து, ஓரத் தையல் மேடுகட்டி நின்றது எனக்குத் தெரியாது, நான் கையை விட்டுப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் எல்லாவற்றிலும் புகை வாடை உண்டு, அதனால் அக்காளுக்கும் சந்தேகம் வரவில்லை. போட்டுக்கொண்டு ஆறு மணிநேரம் நடந்தாள். தையல் உரசிச் சுண்டுவிரலில் கசிந்த ரத்தம் காலுறையை நனைத்ததை, மழை ஈரம் என்றே நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பூட்ஸுக்குள் கையை விட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சொல்ல வாய் வரவில்லை. பிறகு ஒவ்வொரு மாதமும் வாய் வரவில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். தக்கலையில் காலை 10.20க்குப் பஸ். குலசேகரம் 14 கிலோமீட்டர், 11.05க்கு இறங்கினேன். அங்கிருந்து அக்கா வீட்டுக்கு ஆட்டோ 120 ரூபாய். களியக்காவிளையில் ஒரு வேலை இருக்கிறது, துணைக்கு வா என்றேன்.

"பூட்ஸ் கடைக்கா?" என்றாள் அக்கா. அவளிடம் நடிப்பு செல்லாது.

"சும்மா பாக்கத்தான்."

"பாக்கதுக்கு பைசா கேக்க மாட்டாவல்லா. வாறேன். ஆனா ஒண்ணு, நான் வாங்க மாட்டேன், கேட்டியா?"

சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். இது வேண்டுமென்றே. பூட்ஸ் வாங்கக் காலையில் போகாதீர்கள். கால் பொழுதுசாயச் சாய வீங்கும், காலையில் பொருந்தியது மாலையில் பிடிக்கும். குலசேகரத்தில் 1.50க்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மார்த்தாண்டம் 14 கிலோமீட்டர், 2.40. அங்கே மாறி களியக்காவிளை 9 கிலோமீட்டர். சந்தை நெரிசலில் அதற்கே நாற்பது நிமிடம் பிடித்தது.

கடை சந்தைக்குப் பின்தெருவில் இருக்கிறது. கட்டட வேலைக்கும் எஸ்டேட் வேலைக்கும் போகிறவர்கள் வாங்கும் கடை, அலங்காரம் கிடையாது. கடைக்காரர் நூகு அண்ணன், தேங்காப்பட்டணத்துக்காரர், கல்ஃபில் பதினாலு வருடம் செருப்புக் கடையில் நின்றவர். யாருக்கு என்று கேட்டார். அக்காளுக்கு என்றேன்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் அக்கா.

"வேண்டாம்னா வேண்டாம். வந்தது வந்திய, இரிங்க. சாயா குடிக்கியளா?" என்றவர் அவள் இடது காலைப் பார்த்துவிட்டார். வேறு எதுவும் விசாரிக்கவில்லை. "காலுல உணர்ச்சி எவ்வளவு உண்டு?"

"ஒண்ணும் கெடையாது."

"அப்போ எது போட்டாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவிய. ஒங்க கால நம்ப முடியாது. காயிதம் கொண்டு பாப்போம்."

ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டு, அக்காளை அதன்மேல் நிற்கச் சொன்னார். பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்தார். உட்கார்ந்து வரைந்தால் கணக்கு தப்பும், உடம்பின் பாரம் இறங்கும்போதுதான் பாதம் விரியும் என்றார். வரைந்ததைத் தாளில் பதித்து வெட்டி, அந்தத் தாள் பாதத்தை ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் விட்டார். முதல் மூன்றிலும் தாளின் ஓரம் சுருண்டு ஏறியது. தாள் சுருண்டால் விரல் நசுங்கும். நாலாவதில் தாள் படுத்துக் கிடந்தது, முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடமும் மிச்சம். உணர்ச்சி உள்ள காலுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள், நம் கால்களும் கடையில் பொய் சொல்லும்.

நாலாவதை என் கையில் தந்து காட்டினார். பெருவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழுந்து, எடுத்ததும் மறைய வேண்டும். அதுதான் மேல்தோல் உரிக்காத முழுத்தோல். அழுத்தியும் சுருங்காமல் வழவழவென்று இருந்தால் மேலே பூச்சுதான் இருக்கிறது, ஒரு மழைக்குப் பொரிந்துவிடும். அடித்தோல் தைத்திருந்தால் தேய்ந்தபின் மாற்றலாம், வெறும் பசை என்றால் மாற்றுவது கஷ்டம். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கை இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருந்தால் அட்டைப்பூச்சியும் மண்ணும் உள்ளே போகாது. விரல் பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் அக்காளுக்கு ஆகாது என்றார், இரும்பின் விளிம்பு எங்கே உரசுகிறது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். "அன்னைக்கும் நல்ல பூட்ஸ்னுதான் இவ தந்தா" என்றாள். "எனக்கு பூட்ஸ் ஆகாது அண்ணா. சில ஆளுக்கு சில சாதனம் ஆகாதுல்லா."

"அது நனைஞ்சதா?"

"நனைஞ்சது. வாசல்ல கெடந்து காஞ்சுது."

"வாசல்ல காஞ்சா அப்படி வராதே" என்றார் நூகு அண்ணன்.

இப்போது விட்டால் அவள் செருப்போடு வீட்டுக்குப் போவாள். நாளைக் காலையும் செருப்போடு தோட்டத்தில் இறங்குவாள்.

"புகைப்புரைல வச்சேன்" என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னேன். "அக்கா, நான்தான் அத புகைப்புரைல தொங்கவிட்டேன். காலம்பற எடுத்து வாசல்ல வச்சேன். ஒன்கிட்ட சொல்லல."

நூகு அண்ணன் தாள் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். அக்கா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "அண்ணா, அந்த நாலாவத எடுங்க" என்றாள். விலை 3,450 ரூபாய். நான் பர்ஸைத் திறந்தேன். என் கையைத் தள்ளிவிட்டு அவளே கொடுத்தாள்.

திரும்பும்போது மார்த்தாண்டத்தில் இறங்கி, தேன் விற்கும் கடையில் ஐம்பது கிராம் தேன்மெழுகு வாங்கினேன், 60 ரூபாய். பூட்ஸ் தையலில் பூச இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. அக்கா பெட்டியை மடியில் வைத்துப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் குலசேகரம் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ஏசினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. எனக்குப் பயம், வெட்கம், அதற்கு நடுவே சொல்லித் தொலைத்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

6.35க்குக் குலசேகரத்தில் இறங்கி, அக்கா சாயாக் கடையில் மதுரம் இல்லாமல் சாயா சொன்னாள்.

"ரெண்டு வருசமா அந்தப் பூட்ஸ ஏசிட்டு நடந்தேன். பாவம் அது" என்றாள். "ஒன்ன ஏசிருக்கணும்."

"இப்ப ஏசுக்கா."

"எதுக்கு? வாய்தான் நோவும்." கிளாஸைக் கீழே வைத்தாள். "ஏட்டி, வெரலு போனதுக்கு எனக்கு ஒங்கிட்ட கோவம் இல்ல. நீ அறியாம செஞ்ச. ஆனா அப்பவே சொல்லியிருந்தா நான் வேற பூட்ஸ் வாங்கியிருப்பேன்லா? ரெண்டு வருசம் என்ன செருப்போட நடக்க விட்டியே. அதுக்குதான்."



போகிறவர்களுக்குச் சில விஷயம். களியக்காவிளைக்குச் சந்தை நாளில் போகாதீர்கள், மாலை மூன்றரைக்கு மேல் கடையில் இருங்கள், தோட்டத்தில் போடும் அதே தடித்த காலுறையைக் கொண்டுபோங்கள். சுகர் உள்ளவர்கள் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு வாங்குங்கள். புது பூட்ஸை முதல் வாரம் வீட்டுக்குள் அரைமணி நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் இருந்தால் இன்னும் பழகவில்லை. நனைந்து வந்தால் சேற்றை ஈரத்துணியால் துடைத்து, உள் அட்டையை உருவி எடுத்து, பழைய பேப்பரைத் திணித்து ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் வையுங்கள். பேப்பர் ஈரமானதும் மாற்ற வேண்டும். அடுப்புப் பக்கம் வேண்டாம், வெயில் வேண்டாம். எங்கள் ஆட்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், தேங்காய் எண்ணெயை அப்பாதீர்கள்: தோல் தொளதொளத்து, தையல் இற்று, பூஞ்சை பிடித்து எறும்பும் வரும். காய்ந்தபின் தேன்மெழுகை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி லேசாகத் தேய்த்தால் போதும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். புகைப்புரையைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்த்திகை முதல் ஞாயிறு மறுபடி போனேன். அதற்குள் பூட்ஸ் அக்காளுக்குப் பழகியிருந்தது. காலை ஆறேகாலுக்கு வெட்டுக்குக் கிளம்பும்போது வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, இடது பூட்ஸை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கைய விட்டுப் பாரு."

"நீ பாக்க மாட்டியா?"

"கத்தி பிடிச்சு பிடிச்சு என் கைவெரலும் தடிச்சுப் போச்சு. தெனமும் ஒன் அத்தான்தான் பாக்காரு. நீ இங்க நிக்க அன்னைக்கு நீதான்."

கையை உள்ளே விட்டேன். ஓரத் தையல் மிருதுவாக இருந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் உளுந்து அளவு ஒரு கல் தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டினேன். அக்கா காலை உள்ளே விட்டு என் பக்கம் நீட்டினாள்.

குனிந்து லேஸைக் கட்டினேன். இறுக்கமா இருக்கா என்று கேட்க வாய் வந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? லேஸுக்கும் காலுக்கும் நடுவே என் ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். இறுக்கமில்லாமல் உள்ளே போயிற்று.