துணி காயும் நாளில் பார்த்த பள்ளிக்கூட இடம்

கோயில் குளம் பார்க்கப் போகிறவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இடம் பார்க்கப் போகிறவர்கள் எழுதுவதில்லை. யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், கோவையில் கல்வித் துறையில் சேர்ந்த புதிது. திருப்பூரில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு இடம் முடிவு செய்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அலுவலக வரைபடத்தில், ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் ஒரு மைல் அளவுக்கு வட்டம் போட்டிருந்தார்கள். ஊரின் தெற்கே எந்த வட்டத்திலும் சேராத ஒரு துண்டு இருந்தது. அங்கே இலவசமாக நிலம் தர ஒருவர் முன்வந்திருந்தார். அவருக்கு ஞாயிறுதான் ஓய்வு என்பதால் நானும் ஞாயிற்றுக்கிழமை போனேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

கோவையிலிருந்து முப்பது மைல், பாசஞ்சர் ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நிலையத்திலிருந்து பல்லடம் சாலையில் ஒன்றரை மைல் போக வேண்டும். ஜட்கா வண்டிக்கு முக்கால் ரூபாய் கொடுத்தேன்.

"ஏனுங்க அம்மணி, பனியன் எடுக்க வந்தீங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"பள்ளிக்கூடத்துக்கு இடம் பார்க்க."

"அட, அதுக்கெல்லாம் ஆளு வந்து பாப்பாங்களா!" என்று திரும்பி என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

நிலம் தருபவர் பழனிச்சாமி. பனியன் துணியை வெளுக்கும் சலவைப் பட்டறை வைத்திருந்தார். பட்டறையை ஒட்டித் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வீடுகளுக்கு முன்னால் அவருடைய விரிந்த வெற்றுத் தரை. அதைத் தாண்டி அந்தப் பக்கம் அவர் தர நினைத்த நிலம்: கிணறு, இரண்டு வேப்பமரம், நல்ல காற்று. வீடுகளிலிருந்து தரையைக் குறுக்கே கடந்தால் ஐந்து நிமிடம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

வரிசை வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த ருக்மணி எழுந்து வந்தாள். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுபவள்.

"நெசமாலுமே பள்ளிக்கூடம் வருதுங்களா? ரயில் ரோட்டுக்கு அக்கட்டால இருக்கற பள்ளிக்கூடத்துல எம்புள்ள வள்ளியச் சேத்துனனுங்க. லாரிக்குப் பயந்து பாதி வழியில திரும்பி வந்துருவா. பக்கத்துல வந்தாச் செரி. இல்லீனா தம்பியப் பாத்துக்கிட்டு ஊட்லயே இருக்க வேண்டீதுதானுங்க."

வள்ளிக்கு ஆறு வயதிருக்கும். தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். "பக்கத்தில்தான் வருகிறது" என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

அன்றிரவு ஊரில் ஒரு தோழி வீட்டில் தங்கினேன். திங்கள் காலை, ரயிலுக்கு முன் இடத்தை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று போனால், அந்த வெற்றுத் தரையைக் காணோம்! வீட்டு வாசல்களிலிருந்து வேப்பமரம் வரை வெள்ளைத் துணி நீள நீளமாக விரித்துக் கிடந்தது. நான் ஒரு காலை எடுத்து வைத்ததுதான் தாமதம், பட்டறையிலிருந்து நாலு பேர் சேர்ந்து கத்தினார்கள்: "மிதிச்சுப் போடாதீங்க!"

மண் பட்டால் துணியை மறுபடி வெளுக்க வேண்டும். அதனால் பட்டறை ஓடும் நாளில் யாரும் அதில் இறங்குவதில்லை. குழந்தைகளை நடக்கப் பழகும்போதே அதட்டி வைத்திருந்தார்கள். அப்படியானால் அந்தப் பக்கம் எப்படிப் போவது?

"ரோட்டு மேல சுத்தித்தானுங்க" என்றார் பழனிச்சாமி, ஏதோ நாலு எட்டுத் தூரம் போல.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் பாதி, வட்டங்கள் மேல் பாதி. "வாங்க, நடந்து பார்க்கலாம்" என்றேன். ருக்மணி வேலைக்குப் போய்விட்டிருந்தாள். வள்ளியைக் கூப்பிட்டேன்; தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லாததால் அவனையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு மைலுக்கு மேல் இருந்தது. பஞ்சு மூட்டை லாரிகள் வரும்போதெல்லாம் சாலையோர முள்ளில் ஒதுங்கினோம். பாதி வழியில் தம்பி அழ ஆரம்பித்தான். வள்ளி அவனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்தேவிட்டாள்.

பழனிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "இத்தன வருசமா இந்த ரோட்டுல வண்டியிலயேதானுங்க போயிருக்கறேன்."

"துணியை அந்தப் பக்கம் காயப்போட்டு, வீட்டுப் பக்கத் தரையைப் பள்ளிக்குக் கொடுத்தால் என்ன?"

"ஈரத் துணி என்ன கனம் கனக்கும் தெரியுங்களா அம்மணி? அவ்வளவு தூரம் எப்படிங்க கொண்டு போறது?"

வள்ளி எழுந்து, தம்பியைத் தூக்க முடியாமல் தூக்கினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழந்தையைக் கை நீட்டி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரி. துணி வண்டியில போகட்டுங்க."

இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு: வேலை நாளில் போங்கள். வண்டியை ரயில் நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். வரைபடம் இருக்கட்டும், கூடவே ஒரு குழந்தையை அழைத்துக்கொண்டு அது நடக்கும் வேகத்தில் நடங்கள். சித்திரையில் போனால் குடையும் தண்ணீரும் அவசியம்.

அடுத்த ஜூனில் வீட்டுப் பக்கத் தரையில் பள்ளி திறந்தபோது போயிருந்தேன். தம்பியைப் பட்டறையில் வேலை செய்யும் அம்மா ஒருவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மற்ற பிள்ளைகள் ஓட, வள்ளி மட்டும் தரையின் விளிம்பில் சிலேட்டோடு நின்றுவிட்டாள். ருக்மணி தள்ளியும் நகரவில்லை. அங்கே கால் வைத்தால் அதட்டுவார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த பாடம்.

பழனிச்சாமி அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"மிதி கண்ணு. இனி இது உன்ற எடம்."